நடக்காத கொலைக்கு இரண்டு சாட்சிகள்

தாராவியில் ஒரு கொலை நடக்காமல் போனால் அதை எப்படி எழுத்தில் நிரூபிப்பது என்ற கேள்வி, ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் கரீம் பாட்சாவுக்கு வந்ததே இல்லை. நடக்கவில்லையா, நல்லது, அரை டம்ளர் கட்டிங் சாயா குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். இப்படி விவரம் போதாமல் வாழ்ந்துகொண்டிருந்த மனிதரைத் திருத்துவதற்குச் செம்பூரிலிருந்து ஒரு நிறுவனமே கிளம்பி வர வேண்டியிருந்தது.

கரீம் பாட்சாவுக்குத் தொழில் தோல் செருப்பு. தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து நாலு சந்து உள்ளே, மாடிக்குப் போகும் இரும்பு ஏணிக்கு அடியில் அவருடைய பட்டறை. வாப்பா கடையநல்லூரிலிருந்து ரயிலேறி வந்தவர். மகனுக்கு அவர் விட்டுப்போனது அந்த ஏணியடியும், ஒரு தையல் மிஷினும், மழைக்காலத்தில் மடங்க மறுக்கும் வலது முழங்காலும்தான். சமாதானம் செய்துவைக்க அவரிடம் எந்தத் தகுதியும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, பிற்பாடு நிறுவனமே ஒரு கடிதத்தில் எழுதியது.

தகுதி இல்லாவிட்டாலும் ஒரு வழி வைத்திருந்தார். எவனாவது முகம் இறுகி, யாரையும் பார்க்காமல் சந்தில் வேகமாகப் போனால் கூப்பிடுவார். "ஏல, வார் பிஞ்சி தொங்குது. கழத்து, ஒரு தையல் போட்டுத் தாரேன்." வார் பிய்ந்திருக்காது. பையனுக்கும் அது தெரியும். ஆனாலும் செருப்புத் தைக்கிறவர் சொன்னால் கால் தானாகக் கழற்றிவிடுகிறது. இடது கால் செருப்பை மட்டும் வாங்கித் தலைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு, கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்துவிடுவார். அந்த வேலை முடியவே முடியாது.

ஒற்றைச் செருப்போடு யாரும் அடிதடிக்குப் போவதில்லை. முதலாவது, அந்தச் சந்துகளில் ஆணியும் கண்ணாடியும் சாக்கடையும் கிடக்கின்றன. இரண்டாவது, மூன்று வீட்டுப் பெண்களாவது பார்த்துச் சிரிப்பார்கள். பையன் பட்டறை வாசலில் உட்காருவான். சாயா வரும். ஒரு மணி நேரத்தில் கோபம் பாதியாகும், இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், வீட்டுக்குப் போய்விடுவான். மறுநாள் செருப்பை வாங்கிக்கொள்வான். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதை அவர் எப்போது தொடங்கினார் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்பு மாரிசெல்வத்தின் அண்ணன் செத்த மறுநாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாரிசெல்வத்துக்குப் பத்தொன்பது வயது. பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவன் அண்ணனை ரோட்டு முனையில், ஏதோ ஒரு வாய்ச் சண்டையின் முடிவில், பைக்கில் வந்த இரண்டு பேரில் பின்னால் இருந்தவன் சுட்டான். அவன் இன்னும் ஜெயிலில் இருக்கிறான். பைக்கை ஓட்டியவன் பிச்சையா. தாத்தா பெயரைச் சுமந்துகொண்டிருந்த இருபது வயதுப் பையன். சுடப்போகிறான் என்று தனக்குத் தெரியாது என்றான்; ஒன்றரை வருஷம் கழித்துக் கோர்ட் ஜாமீன் கொடுத்தது; குர்லாவில் அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் கோடவுனில் வேலைக்குத் திரும்பிவிட்டான். அந்த வாரமே மாரிசெல்வம் எங்கிருந்தோ ஒரு நாட்டுத் துப்பாக்கி வாங்கினான். இந்த ஊரில் அதற்குக் கட்டா என்று பெயர்.

மாரியின் அம்மா ஆறுமுகத்தாய் பட்டறைக்கு வந்து நின்றாள். அதிகம் பேசவில்லை. "அண்ணே, ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ண ஜெயிலுக்குக் குடுத்துட்டா நான் யாருக்குச் சோறு வைக்க?" என்று மட்டும் கேட்டாள். போலீஸுக்குச் சொன்னால் முதலில் உள்ளே போவது மாரிதான் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மாரியிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. டியூட்டி முடிந்து வந்ததும் இடது செருப்பைக் கரீம் பாட்சாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போவான். காலையில் வந்து வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவான். முதல் பத்து நாள் அவர் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு அவனே கொண்டுவந்து நீட்டினான். கட்டாவைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டான், செருப்பைக் கொடுத்தான். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

இந்த நிலைமையில்தான் சுந்தரராமன் வந்து சேர்ந்தார்.

சுந்தரராமன் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வங்கியில் மிகப் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்று, ஓய்வு ஒத்துக்கொள்ளாமல் இந்த நிறுவனத்துக்கு இயக்குநரானவர். நிறுவனத்தின் பெயர் ஒன்றரை வரி நீளம், அதனால் எல்லோரும் ஃபவுண்டேஷன் என்றே சொன்னார்கள். அமெரிக்காவில் ஒரு நகரத்தில் கறுப்பின இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுச் சாவதைத் தடுக்க, அதே தெருக்களில் வளர்ந்தவர்கள், அவர்களில் சிலர் ஜெயிலைப் பார்த்தவர்கள், தாங்களே இறங்கி வருஷக்கணக்கில் வேலை செய்தார்கள். சாவு குறைந்தது. அந்த மனிதர்கள் செய்ததைப் பார்த்து ஒருவர் அறிக்கை எழுதினார். அறிக்கையைப் பார்த்து இன்னொருவர் கையேடு போட்டார். கையேட்டைப் பார்த்து மூன்றாமவர் எழுபத்திரண்டு ஸ்லைடு தயாரித்தார். அந்த ஸ்லைடுகள்தான் விமானம் ஏறிச் செம்பூருக்கு வந்தன. மனிதர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

சுந்தரராமன் பட்டறை வாசலில் குனிந்து நின்று, ஏணியில் தலை இடிக்காமல் பேசினார். "நாங்க உங்களுக்குக் கத்துக்கொடுக்க வரலை, கரீம்ஜி. உங்ககிட்டேர்ந்து கத்துண்டு, அதையே உங்களுக்குச் சரியாச் சொல்லிக்கொடுக்கறதுக்குத்தான் வந்திருக்கோம்."

கரீம் பாட்சாவுக்கு இது புரியவில்லை. ஆனால் மாரியைப் பற்றிய பாரத்தை இன்னும் நாலு பேர் சேர்ந்து தூக்கினால் நல்லதுதானே என்று சரி சொன்னார். சரி சொன்னதும் அவர் 'வன்முறை இடைமறிப்பாளர், நிலை ஒன்று' ஆனார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. குனிந்து தைக்கும்போது அது மிஷினில் சிக்கியது.

முதலில் செம்பூரில் ஐந்து நாள் பயிற்சி. எழுபத்திரண்டு ஸ்லைடும் போட்டுக் காட்டினார்கள். மூன்றாம் நாள் நடிப்புப் பயிற்சி. கரீம் பாட்சா கோபக்கார இளைஞனாக நடிக்க வேண்டும், ஒரு கம்பெனியிலிருந்து சேவை செய்ய வந்திருந்த பெண் அவரை ஏழு நிமிஷத்தில் சாந்தப்படுத்த வேண்டும். ஏழு நிமிஷத்தில் அவர் சாந்தமாகிவிட்டார், ஏனென்றால் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் பயிற்சியில் இருந்த அந்த ஐந்து நாளில் சந்தில் இரண்டு சண்டை நடந்து ஒருவனுக்குக் கை முறிந்தது. தடுக்க ஆள் இல்லை, ஆள் தடுப்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். மாரியின் செருப்பை அந்த ஐந்து நாளும் ஆறுமுகத்தாய் வாங்கி வைத்தாள்.

பிறகு படிவங்கள் வந்தன. அவற்றை நிரப்பக் களப் பணியாளராக பரீஹாவைப் போட்டார்கள். தாராவிப் பெண்தான், பி.காம். முடித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள், படிவம் என்றால் இங்கிலீஷில் பறப்பாள். கரீம் பாட்சாவைச் சித்தப்பா முறையில் சாச்சா என்பாள். நல்ல பிள்ளை. அவளுக்கும் சம்பளம் வேண்டும்.

படிவங்களில் முக்கியமானது ஏழாவது. அதன் பெயர் 'நிகழாச் சம்பவ அறிக்கை'. தடுக்கப்பட்ட கொலை தடுக்கப்படாமல் இருந்தால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடந்திருக்கும், என்ன ஆயுதத்தால், எத்தனை காயம் என்று அதில் எழுத வேண்டும். நடக்கவில்லை என்பதற்குக் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் இன்னும் இரண்டு கட்டங்கள். ஒன்று, கொலை செய்திருக்கக்கூடியவர் கையொப்பம். மற்றது, கொலை செய்யப்பட்டிருக்கக்கூடியவர் கையொப்பம்.

ஒரு விஷயம் நடக்காததை யார் பார்த்திருப்பார்கள் என்று கரீம் பாட்சா கேட்டார். பக்கத்தில் இருந்த யாரை வேண்டுமானாலும் போடலாம், அவர்களும்தானே அதைப் பார்க்கவில்லை என்றாள் பரீஹா. அது ஒருவகையில் நியாயமாகத்தான் இருந்தது. ஏணிக்கு மேல் குடியிருந்தவர்கள் அந்த மாதம் பதினோரு நடக்காத சம்பவங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மாரிசெல்வத்தின் பெயரில் படிவம் வேண்டாம் என்று கரீம் பாட்சா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஆனால் அவரிடம் இருந்ததிலேயே பெரிய நடக்காத சம்பவம் அதுதான். சுந்தரராமனுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. மேலேயிருந்து கேட்கிறார்கள் என்று பரீஹாவை அனுப்பினார். அவள் பாவம், படிவத்தை எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போய்ப் பிச்சையாவிடம் கையெழுத்துக் கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்டதும், விதிமுறைப்படி வாசித்துக் காட்டினாள். மாரிசெல்வம் என்பவர் கட்டா வைத்திருக்கிறார், தங்களைச் சுடுவதாக இருந்தார், ஐந்து மாதமாகச் சுடவில்லை, இங்கே கையெழுத்து.

பிச்சையாவுக்கு அதுவரைக்கும் அது தெரியாது.

அவன் கையெழுத்துப் போட்டான். அது கோட்டைத் தாண்டிப் போய்விட்டதால் இன்னொரு பிரதியிலும் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் நாலு பேர் சூழத்தான் நடமாடினான். அவனும் ஒரு கட்டா தேடுகிறான் என்று இரண்டே நாளில் மாரியின் காதுக்கு வந்தது. மாரி அன்று செருப்பை நீட்டும்போது, "மாமா, அவன் மொதல்ல வாங்கிட்டான்னா நான் காலி. டைம் இல்ல," என்றான். ஐந்து மாதத்தில் கரீம் பாட்சா முதல்முறையாகப் பயந்தார்.

இதைச் சொல்லத்தான் செம்பூருக்குப் போனார். குர்லாவில் ரயில் நின்றுவிட்டதால் ஒரு மணி நேரம் தாமதம். சுந்தரராமன் அவரை உட்காரவைத்து, திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கோடு கீழே போய்க்கொண்டிருந்தது. கரீம் பாட்சா அது நல்லது என்று நினைத்தார்.

"பாருங்கோ, இந்தக் காலாண்டுல நீங்க தடுத்தது ரொம்பக் குறைச்சல். உங்க ஏரியாவுல போதுமான வன்முறையே இல்லைன்னா, நாங்க எதைத் தடுத்தோம்னு காட்டறது?"

நாலைந்தை நடக்க விட்டுவிடவா என்று கரீம் பாட்சா கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சேச்சே, அப்படிச் சொல்லலை. ஆனா நீங்க ரொம்ப சீக்கிரமாத் தடுத்துடறேள், கரீம்ஜி. நாலு பேருக்குத் தெரியற அளவுக்கு வரட்டும். அப்புறம் தடுங்கோ."

மாரியின் விஷயத்தை அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை சுந்தரராமன் ஒரு தாளில் 'உயர் அபாயம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். கோடு போட்டதில் அவருக்குத் திருப்தி ஏற்பட்டது போல இருந்தது.

அந்த வாரம் அமெரிக்காவோடு வீடியோவில் பேச்சு ஏற்பாடாகியிருந்தது. அங்கே அந்த வேலையைப் பல வருஷம் செய்த மனிதர் ஒருவர் திரையில் வந்தார். கறுத்த, பருத்த ஆள். தாடி நரைத்திருந்தது. அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது, அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பரீஹா நடுவில் இருந்து மாற்றிச் சொன்னாள். சுந்தரராமன் வரவேற்புரை நிகழ்த்தி முடித்ததும், அந்த மனிதர் நேராகக் கரீம் பாட்சாவைப் பார்த்து, இப்போது எந்தப் பையனை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

அதுவரைக்கும் எந்தப் படிவமும் அவரை அப்படிக் கேட்டதில்லை. கரீம் பாட்சா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மாரியைச் சொன்னார். ஆணியைச் சொன்னார். செருப்பைச் சொன்னார். செருப்பு விஷயம் சுந்தரராமனுக்கே அப்போதுதான் தெரியும், அதற்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

அந்த மனிதர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். பரீஹா தமிழில் சொன்னாள். "சாச்சா, அவர் பசங்ககிட்ட கார் சாவிய வாங்கிடுவாராம். எங்கம்மா வீட்டு ஃப்ரிட்ஜ நகத்தணும், காரைக் குடுன்னு கேப்பாராம். பதினோரு வருஷம் அந்த ஒரே ஃப்ரிட்ஜத்தான் நகத்தினேன்னு சொல்றாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்களுக்குப் பையன்களோடு உட்கார்ந்திருக்கச் சம்பளம் தருகிறார்களா, எழுதச் சம்பளம் தருகிறார்களா என்று அவர் கேட்டார். எழுத என்றார் கரீம் பாட்சா. அந்த மனிதர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கேயும் அப்படித்தான் ஆகிவிட்டது என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறிவுப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கிய பத்து நிமிஷம் முடிந்துவிட்டதால் சுந்தரராமன் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

துண்டித்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். "அப்போ இந்த வன்முறையோட வேரே காலணிதான்."

அடுத்த இருபது நாளில் தாராவியின் அபாயமுள்ள இளைஞர்கள் எல்லோருக்கும் ஷூ என்று முடிவாகிவிட்டது. நல்ல ஷூ. வெள்ளை நிறம், தடித்த அடி, ஃபவுண்டேஷன் முத்திரை, நீளமான லேஸ். பெயரைப் பதிந்தால்தான் ஷூ, அபாயமுள்ளவன் என்றால்தான் பெயர் பதிவு. ஆகவே எந்த வம்புக்கும் போகாத பையன்கள்கூட அவசரமாக ஒருவரையொருவர் நெட்டித் தள்ளி, சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். கீழே போய்க்கொண்டிருந்த கோடு மேலே ஏறியது. சுந்தரராமனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கரீம் பாட்சாவுக்குத் தூக்கம் போயிற்று. லேஸ் கட்டின ஷூவை யாரும் வார் பிய்ந்துவிட்டது என்று கழற்றி வாங்க முடியாது, ஷூ கொடுத்தால் மாரி போய்விடுவான் என்று சுந்தரராமனிடம் மன்றாடினார்.

"அதான் கரீம்ஜி பாயிண்ட்," என்றார் சுந்தரராமன். "ஒரு இளைஞன் ஒத்தைச் செருப்போட நடக்கறதா? எவ்வளவு அவமானம்! இனிமே அவனோட கண்ணியத்தை யாராலும் கழட்ட முடியாது."

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு தொண்டர்கள் வந்து, ஆணியில் இருந்த செருப்புகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். செம்பூர் அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். மாரியின் இடது செருப்பும் அதில் போய்விட்டது. பதிலுக்கு அவன் பெயர் எழுதிய ஷூ டப்பாவைக் கையோடு அவன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

விழா பகல் பதினோரு மணிக்கு, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பந்தல், நானூறு நாற்காலி, பூச்செண்டு. நிகழ்ச்சி நிரலைப் பரீஹா தலையைக் குனிந்துகொண்டே கரீம் பாட்சாவிடம் கொடுத்தாள். அதில் பதினொன்று நாற்பதுக்கு எதிரே, 'பகைவர் தழுவல்: திரு. மாரிசெல்வம், திரு. பிச்சையா' என்று அச்சடித்திருந்தது.

அவர் மேடைக்குப் பின்னால் ஓடி, இது ஆபத்து, அவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னார். சுந்தரராமன் அவர் தோளில் கை வைத்தார். அச்சடித்தாகிவிட்டது என்றார். தலைமை விருந்தினர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார். பிறகு ஒலிபெருக்கி முன்னால் போய், இந்தப் பிள்ளைகளின் மனத்தைத் தான் ஒரு வருஷமாக அருகில் இருந்து அறிந்திருப்பதாகப் பேசத் தொடங்கினார். அவர் தாராவிக்கு வந்தது அது மூன்றாம் தடவை.

பிச்சையா ஏற்கெனவே மேடையில் நின்றான். ஷூவுக்காக வந்தவனை ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிட்டவர்கள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் பாதி விரித்து வைத்திருந்தான். 

மாரி மேடைப் படிக்குக் கீழே, துணித் தட்டியின் மறைவில் நின்றான். காலில் புது ஷூ, இரட்டை முடிச்சு. ஒரு கையில் காலி டப்பா, பெயர் எழுதியிருந்ததால் அதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்றக் கை சட்டைக்குள் இருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. கரீம் பாட்சா அந்த முகத்தை முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

அவர் போய் அவன் முன்னால் உட்கார்ந்தார். மடங்காத காலை மடக்கி, மண்ணில்.

"காலை எடு."

"மாமா, தள்ளிக்கோங்க. இது செருப்பு இல்ல. பிய்யாது."

"பிஞ்சிருக்குல. எனக்குத் தெரியும்."

இடது காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பசை காய்ந்த விரலால் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். மேடையில் மாரியின் பெயரை முதல்முறை கூப்பிட்டார்கள். அவன் காலை உதறினால் கிழவர் மல்லாந்துவிடுவார். உதறவில்லை, ஆனால் கால் இரும்பாக விறைத்திருந்தது. பதினாலு ஓட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் லேஸை உருவ வேண்டும். உருவிக்கொண்டே, நிமிராமல், இரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"ஒங்கண்ணன் அன்னைக்கு எம் பட்டற வழியாத்தான் போனான். இதே மூஞ்சி. நான் பாத்தேன். கூப்பிடணும்னு தோணுச்சு. பார்சல் அனுப்பணும், நேரமாச்சுன்னு குனிஞ்சிக்கிட்டேன். நான் கூப்பிட்டிருந்தா நின்னிருப்பான்ல."

இரண்டாம் முறை பெயர் கூப்பிட்டார்கள். கரீம் பாட்சாவின் முதுகு குலுங்கியது. ஷூவைக் கழற்றாமல், அந்தக் காலைக் கட்டிக்கொண்டே இருந்தார். அழுதார் என்றே சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

மாரி வெகு நேரம் அசையவில்லை. பிறகு குனிந்து, சட்டைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்து, அதில் இருந்ததை டப்பாவுக்குள் வைத்தான். "இதையும் ஆணில மாட்டிருங்க மாமா," என்றான். கரீம் பாட்சா ஷூவை உருவி அதன்மேல் வைத்து மூடினார். மாரி ஒற்றை ஷூவோடு பந்தலுக்கு வெளியே நடந்தான். தட்டி மறைக்காத மூன்றாம் வரிசை ஓரத்திலிருந்து ஆறுமுகத்தாய் எழுந்து அவன் பின்னால் ஓடினாள்.

மேடையில் மூன்றாம் முறையும் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, நேரமாகிறதே என்று சுந்தரராமன் தானே பிச்சையாவைத் தழுவிக்கொண்டார். பிச்சையா அவர் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பினான். அந்தப் படம் மிக நன்றாக வந்தது. ஆண்டறிக்கையின் அட்டையில் 'பகைவர் தழுவல்' என்று அதைத்தான் போட்டார்கள்.

கரீம் பாட்சா முழங்காலைத் தேய்த்து எழுந்து நின்று, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். டப்பாவைக் காணவில்லை. சுத்தம் முக்கியம் என்று தொண்டர்கள் கிடந்த டப்பாக்களை எல்லாம் வேனில் ஏற்றியிருந்தார்கள். வேன் செம்பூருக்குப் போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகுதான் பரீஹாவைப் பிடித்துச் சொல்ல முடிந்தது. அவள் உடனே போனில் சரக்கு இருப்பைத் திறந்து பார்த்தாள். 'ஒற்றை ஷூ, இடது, எட்டு, திரும்பி வந்தது' என்று மேலே இருந்ததை மட்டும் பார்த்துப் பதிந்து, டப்பாவை அறைக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது. அதை வெளியே எடுக்க மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றில் ஒரு பதவிக்கு இரண்டு வருஷமாக ஆள் போடவில்லை.

இரண்டு பேரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்கக் கரீம் பாட்சாவுக்கு மனம் லேசாயிற்று. அந்த அறையிலிருந்து இதுவரை ஒரு பென்சில்கூட வெளியே வந்ததாகப் பரீஹாவுக்கு ஞாபகம் இல்லை. மும்பையில் கட்டாவுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடைக்காது. ஃபவுண்டேஷன் தன் வாழ்நாளில் கைப்பற்றிய ஒரே துப்பாக்கி அதுதான். அவர்களுக்குத் தெரியாது.

"படிவம் ஏழு, சாச்சா?" என்று பரீஹா கேட்டாள். "தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். பாத்தேன். அந்தப் பக்கம் அவங்கம்மா பாத்தாங்க."

நானூறு பேர் கூடிய இடத்தில், முதல்முறையாக ஒரு நடக்காத கொலைக்கு உண்மையிலேயே இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். அந்தப் படிவத்தைத்தான் அவர்கள் நிரப்பவில்லை.

நிரப்பாததால் அந்தக் காலாண்டில் தாராவியில் எதுவும் தடுக்கப்படவில்லை என்று ஆயிற்று. ஷூ வாங்கிய பிறகு நெட்டித் தள்ளுவதையும் பையன்கள் விட்டுவிட்டார்கள். இங்கே தேவை இல்லை என்று திட்டத்தை விக்ரோலிக்கு மாற்றினார்கள். கரீம் பாட்சாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய சேவையை மனமாரப் பாராட்டி, தகுதிக் குறைவு காரணமாக நிலை இரண்டுக்கு உயர்த்த இயலாததற்கு வருந்தி, அட்டையைத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தார்கள். பிச்சையா குர்லாவுக்கே போய்விட்டான். மாரிக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அது எங்கே போகும்.

அதற்கு முன்பே, விழா முடிந்த ஒரு வாரத்தில், மாரி வெறுங்காலோடு பட்டறைக்கு வந்தான். வலது செருப்பு வீட்டில் இருந்தது, இடது செருப்பு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கரீம் பாட்சா நல்ல தோலாக எடுத்து, அவன் காலை அளந்து, ஒரு ஜோடி தைத்தார். வலது செருப்பைத் தன் வழக்கப்படி தைத்தார். இடது செருப்பின் வாரில் மட்டும் ஆறு தையல் போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டார். முப்பது வருஷத் தொழிலில் தெரிந்தே அவர் செய்த மோசமான வேலை அது.

மாரி போட்டுப் பார்த்தான். இழுத்துப் பார்த்தான்.

"மாமா, இது சீக்கிரம் பிஞ்சிரும்போல இருக்கே."

"பிஞ்சா கொண்டா. தைச்சுத் தாரேன்."

மாரி வாரை ஒரு தடவை பார்த்தான், அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். வேறொன்றும் கேட்கவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான். கரீம் பாட்சா தலைக்கு மேலே, தொண்டர்கள் செருப்போடு சேர்த்து அசைத்துவிட்டுப் போன ஆணியை, இரண்டு அடி அடித்து இறக்கி வைத்தார்.